தெரிந்த பாட்டைத் திறந்து வாசிப்பது: பியானோ மூவர் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுவரில் எட்டாம் கிரேடு சான்றிதழ், அதற்குக் கீழே மூடிய பியானோ. சிங்கப்பூரில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். தேர்வு முடிந்த வாரத்தில் இறங்கிய மூடி பிறகு திறக்கப்படுவதே இல்லை. பத்து வருடம் உழைத்துப் பழகிய விரல்கள் இருபது வயதில் ஓய்ந்துவிடுவது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. இந்த வழிகாட்டி முதலில் அவர்களுக்காக. மிருதங்கத்தில் தொடங்கி டிரம்ஸுக்குப் போனவர்களுக்கும், பள்ளி இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர்களுக்கும் இது பயன்படும்.

நாங்கள் மூவர். நான் பியானோ, ஒரு நண்பர் டபுள் பேஸ், இன்னொருவர் டிரம்ஸ். டிரம்ஸ்காரர் சிறுவயதில் பன்னிரண்டு வருடம் மிருதங்கம் பயின்றவர். சனிக்கிழமை பிற்பகல்களில் கூடி, ஜாஸ் உலகில் ஸ்டாண்டர்ட் என்று சொல்லப்படும் பழைய பாடல்களைக் கட்டு தளர்த்தி வாசிக்கிறோம்.

கார்டு, தாளக் கட்டுகளை விட்டு வாசிக்கும் சுதந்திர ஜாஸ் (ஃப்ரீ ஜாஸ்) என்றால் நினைத்ததை வாசிக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பழைய பாடலை எடுத்துச் சுதந்திரமாக வாசிக்கும்போது நடப்பது வேறு. பாட்டு வெளியே கேட்காத நேரத்திலும் மூவர் காதுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் காதில் நின்றுவிட்டால்கூட அங்கே மிஞ்சுவது ஓசைதான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த உள்ளோட்டத்தைக் காப்பதற்காகவே.

முதல் படி: நான்கு பதிவுகளைக் காதில் ஏற்றுங்கள்

வாசிக்கும் முன் ஒரு மாதம் கேளுங்கள். பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பது இதில் சேராது.

முதலாவது, பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு ஜாஸ் கிளப்பில் வாசித்த பதிவு. பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷியன். இது சுதந்திர ஜாஸ் இல்லை. பாட்டின் வடிவம் அப்படியே இருக்கிறது. ஆனால் பேஸ் இங்கே பக்கவாத்தியமாக இருக்க மறுக்கிறது. லஃபாரோ பியானோவோடு உரையாடுகிறார், சில இடங்களில் மறுத்தும் பேசுகிறார். பதினொரு நாள் கழித்து ஒரு சாலை விபத்தில் அவர் இறந்தபோது அவருக்கு வயது 25. மூவரும் சமம் என்ற எண்ணத்துக்கு இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பதிவு போதும்.

இரண்டாவது, பியானோ கலைஞர் செசில் டெய்லர் 1959-இல் கோல் போர்ட்டரின் பாடல்களை மூவராக வாசித்தது. பேஸில் பியூயல் நைட்லிங்கர், டிரம்ஸில் டென்னிஸ் சார்லஸ். கீழே தாளம் சீராக ஓட, மேலே பியானோ மெட்டைத் துண்டு துண்டாக உடைக்கிறது. தரையை விடாமல் கூரையை மட்டும் பிரித்த வீடு போல இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக நெருக்கமானது. 1963-இல் சானி ரோலின்ஸும் கோல்மன் ஹாக்கின்ஸும் சேர்ந்து செய்த பதிவில் பால் பிளே வாசித்த பியானோ தனி. பாடல் 'ஆல் த திங்ஸ் யூ ஆர்'. இது மூவர் குழுப் பதிவு இல்லை. இரண்டு சாக்ஸபோன்கள் உள்ள குழு. என்றாலும் பிளேயின் முறை வரும்போது கேட்பது பியானோவும் பேஸும் டிரம்ஸும்தான். பேஸும் டிரம்ஸும் வடிவத்தைப் பிடித்திருக்க, பிளே கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களின்) ஓரமாக நழுவி, தன் வாக்கியம் போகும் திசைக்குப் போய், எதிர்பாராத இடத்தில் பாட்டுக்குள் வந்து நிற்கிறார். கிட்டார் கலைஞர் பேட் மெத்தேனி இதைப் பலமுறை போற்றியிருக்கிறார். பாட்டை மனத்தில் முழுதாக வைத்திருப்பவரால் மட்டுமே இப்படி விலகிப்போய்த் திரும்ப முடியும்.

நான்காவது, கீத் ஜாரெட் (பியானோ), கேரி பீகாக் (பேஸ்), ஜாக் டிஜானெட் (டிரம்ஸ்) மூவரும் 1983-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் பதிவுகள். முதல் தொகுப்பிலேயே மேலே சொன்ன அதே பாடல் உண்டு. பீகாக் 1964-இல் சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லரோடு தாளமே வெளிப்படாத இசையை வாசித்தவர். அதே மனிதர் இங்கே பழைய காதல் பாட்டுக்கு நடை போடுகிறார். சுதந்திர ஜாஸும் ஸ்டாண்டர்டும் எதிரெதிர் முகாம்கள் என்று நினைப்பவர்களுக்கு அவர் ஒருவரே பதில்.

ஒவ்வொரு பதிவையும் மூன்று முறை கேளுங்கள்: ஒருமுறை பேஸை மட்டும், ஒருமுறை டிரம்ஸை மட்டும், கடைசியாகப் பியானோவை. பியானோ படித்தவர்களுக்கு இந்த வரிசை முக்கியம். நம் காது தானாகவே நம் வாத்தியத்துக்கு ஓடிவிடும்.

நேரில் கேட்பதையும் விடாதீர்கள். ஜெரமி மொன்டேரோ போன்ற நம் ஊர்க் கலைஞர்கள் ஸ்டாண்டர்ட் பாடல்களை நேர்வழியில் வாசிப்பதைக் கேளுங்கள். 2002-இல் கலாசாரப் பதக்கம் பெற்ற அவருடைய ஸ்விங் வாசிப்பு சுதந்திர ஜாஸ் வகையில் வராது. ஆனால் ஒரு பாட்டு எவ்வளவு உறுதியாக நிற்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதை எப்படித் தளர்த்துவீர்கள்?

இரண்டாம் படி: ஒரே ஒரு பாட்டு

ஆறு மாதத்துக்கு ஒரே பாட்டு. பத்துப் பாட்டு தெரிந்த குழுவைவிட ஒரு பாட்டுக்குள் குடியிருக்கும் குழு வேகமாக வளரும். என் பரிந்துரை 'ஆல் த திங்ஸ் யூ ஆர்'. ஜெரோம் கெர்ன் இசையமைத்து, இரண்டாம் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் எழுதியது. 1939-இல் 59 காட்சிகளோடு முடிந்துபோன ஒரு பிராட்வே நாடகத்துக்காக உருவான பாட்டு இது. நாடகம் மறைந்துவிட்டது, பாட்டை ஜாஸ் கலைஞர்கள் விடவில்லை.

ஏன் இது? கணக்கைப் பாருங்கள். மொத்தம் 36 பார். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை, ஆக 144. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சரியாகப் பதினெட்டு ஆவர்த்தனம். பகுதிகள் முறையே நான்கு, நான்கு, நான்கு, ஆறு. முதல் மூன்றும் ஒரே அளவில் வந்து, கடைசிப் பகுதி மட்டும் இரண்டு ஆவர்த்தனம் நீள்கிறது. தூங்கிக்கொண்டே எண்ண முடியாத, ஆனால் ஒருமுறை பிடித்தால் மறக்காத வடிவம்.

தொடக்கத்தில் கார்டுகளின் அடிச்சுரங்கள் எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதன் சுத்த மத்திமம். மத்திமத்தையே புதிய சட்ஜமாக வைத்துக்கொண்டு நகர்ந்தபடியே இருக்கிறது. கிரக பேதம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நகர்வு அந்நியமாக இருக்காது. மெட்டோ பெரும்பாலும் ஒவ்வொரு கார்டின் மூன்றாம் சுரத்தில் போய் அமர்கிறது. அதனால் மெட்டை மட்டும் தனியே முணுமுணுத்தாலும் கார்டுகளின் நிழல் கேட்கும். கார்டுகளைக் கைவிடப்போகிற குழுவுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

இன்னொரு அழகும் உண்டு. மூன்றாவதான நடுப்பகுதியின் முடிவில் மெட்டு ஜி ஷார்ப்பில் நிற்கிறது. கீழே கார்டு மாற, அதே கட்டை ஏ ஃப்ளாட் என்ற பெயர் பெற்று, முதல் பகுதியைப் போலவே தொடங்கும் கடைசிப் பகுதியின் தொடக்கச் சுரமாகிவிடுகிறது. சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடத்தில் இரண்டு பெயரோடு இருப்பதைப் படித்தவர்கள் இதை உடனே ரசிப்பார்கள். இந்த ஒற்றைக் கட்டையை மறந்துவிடாதீர்கள். பிறகு இது நமக்குத் தேவைப்படும்.

மூன்றாம் படி: பாட்டை உள்ளே இறக்குங்கள்

தாள் இல்லாமல் கற்றுக்கொள்ளுங்கள். கிரேடு தேர்வுகளில் வளர்ந்த நமக்கு இதுதான் கடினம். நான் முதல் மூன்று வாரம் தாளை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பார்க்காமல் வாசிக்க முயன்றேன். பலிக்கவில்லை. அலமாரியில் பூட்டிய பிறகுதான் காது வேலை செய்யத் தொடங்கியது.

மூவரும் பாட வேண்டும். டிரம்ஸ்காரரும் விதிவிலக்கில்லை. மெட்டைப் பாடிக்கொண்டே கையில் ஆதி தாளம் போடுங்கள். பதினெட்டு ஆவர்த்தனம் தவறாமல் வந்த பிறகு, மெட்டை விட்டுவிட்டு அடிச்சுரங்களை மட்டும் பாடுங்கள். ஒரு எச்சரிக்கை: நம் தாளத்தில் தட்டு விழும் முதல் எண்ணிக்கையில் ஜாஸ் சாய்வதில்லை. ஹைஹாட் (டிரம்ஸில் காலால் மூடும் சிம்பல் ஜோடி) இரண்டிலும் நான்கிலும் மூடும். அந்தச் சாய்வு உடம்பில் ஏறும்வரை கைத்தாளத்தோடு நாக்கில் இரண்டையும் நான்கையும் அழுத்திச் சொல்லிப் பழகுங்கள்.

பிறகு மௌனப் பயிற்சி. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகத்தில் முதல் எட்டுப் பார் மூவரும் வாசியுங்கள். அடுத்த எட்டுப் பார் யாரும் எதையும் தொடக்கூடாது; காலைத் தட்டக்கூடாது, தலையை ஆட்டக்கூடாது. நடுப்பகுதியின் முதல் எண்ணிக்கையில் மூவரும் ஒன்றாக இறங்க வேண்டும். அது வந்துவிட்டால் அடுத்து ஒரு முழுச் சுற்று மௌனம். அந்த வேகத்தில் ஒரு சுற்று 72 விநாடி. எழுபத்திரண்டு விநாடி அமைதிக்குப் பிறகு மூன்று பேர் ஒரே கணத்தில் ஏ ஃப்ளாட்டில் இறங்கிய அன்று எங்கள் டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். எங்களுக்கு அது வர நான்கு மாதமாயிற்று.

இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நாங்கள் போனோம். ஓர் உணவகத்தில் முதல்முறை வாசித்தபோது மூன்றாம் நிமிடத்தில் நான் நடுப்பகுதியில் இருந்தேன், பேஸ் கடைசிப் பகுதியில், டிரம்ஸ் புதிய சுற்றின் தொடக்கத்தில். மூவரும் சுதந்திரமாக வாசிப்பதாகவே நம்பினோம். உண்மையில் மூன்று பேரும் தனித்தனியே தொலைந்திருந்தோம்.

நான்காம் படி: ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள்

ஒரு பாட்டில் மெட்டு, கார்டுகள், தாளம், வடிவம் என்று நான்கு கட்டுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நிரவலிலிருந்து தொடங்குங்கள். நிரவலில் சாகித்தியத்தின் ஒரு வரி எடுத்துக்கொள்ளப்படுகிறது. சொற்கள் தாளத்தில் தத்தம் இடத்திலேயே நிற்க, சுரங்கள் மட்டும் புதிதாகின்றன. அதையே இங்கே செய்யுங்கள்: மெட்டின் ஒவ்வொரு சுரமும் எந்த எண்ணிக்கையில் விழுகிறதோ அங்கேயே விழட்டும், சுரத்தை மட்டும் மாற்றுங்கள். முதல் நீண்ட ஏ ஃப்ளாட் ஒரு பார் முழுக்க நிற்கிறது என்றால் உங்கள் சுரமும் ஒரு பார் நிற்க வேண்டும். கேட்பவருக்கு அந்நியமாகவும் பழக்கமாகவும் ஒருசேர இருக்கும். ஒரு மாதம் இதிலேயே இருக்கலாம்.

பிறகு திருப்பிப் போடுங்கள். சுரங்களை மாற்றாமல் காலத்தைத் தளர்த்துங்கள். ஆலாபனையில் வயலின் பாடகரை ஒரு மூச்சு பின்னால் தொடர்வதைப் போல, பியானோ மெட்டின் ஒரு வாக்கியத்தைத் தன் வேகத்தில் சொல்லட்டும், பேஸ் அதைத் தொடரட்டும். அடுத்த வாக்கியத்தைப் பேஸ் தொடங்கட்டும், பியானோ தொடரட்டும். டிரம்ஸ் பிரஷ்ஷால் (குச்சிக்குப் பதிலான கம்பித் தூரிகையால்) அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

கார்டுகளை விடுவது மூன்றாவது. இங்கே பியானோக்காரர்களுக்கு ஒரு கண்டிப்பான பயிற்சி: இடது கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம். நம் இடது கை கார்டு போட்டே பழகிவிட்டது. அது ஒலிக்கும்வரை மற்ற இருவரும் அதற்குக் கட்டுப்பட்டிருப்பார்கள். வலது கை மட்டும் ஒற்றை வரியாக வாசிக்கும்போது பேஸ் எந்த அடிச்சுரத்தையும் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் அதே சுரம் திடீரென்று வேறு பொருள் பெறும். ஜி ஷார்ப் ஏ ஃப்ளாட் ஆனது போல.

வடிவத்தைக் கடைசியில் விடுங்கள். எங்கள் அனுபவத்தில் அதை முழுவதும் விடத் தேவையே வருவதில்லை. நடுப்பகுதியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தங்கலாம், ஆனால் வெளியே வரும் வாசல் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஐந்தாம் படி: மூவரின் வேலை

பேஸ் வாசிப்பவர் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு சுரம் நடந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. வில்லை எடுக்கலாம், ஒரே சுரத்தில் தம்புராவைப் போல நிற்கலாம், மெட்டைத் தானே வாசிக்கலாம். எல்லாக் கட்டுகளும் தளர்ந்த நேரத்தில் மற்ற இருவரும் அவரைத்தான் பார்ப்பார்கள். குழுவில் பாட்டை மிக நன்றாகத் தெரிந்தவர் அவராகவே இருக்கட்டும்.

மிருதங்கத்திலிருந்து வந்த டிரம்ஸ்காரருக்கு ஒரு பெரிய வரமும் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. வரம், எண்ணாமலே இடம் தெரிவது. ஆபத்து, முடிவை நோக்கிக் கட்டப்படும் தாளக் கோவையான கோர்வை. கோர்வை ஒரு புள்ளியைக் குறிவைத்து ஓடுகிறது. அது தொடங்கியதுமே எல்லோரும் அந்தப் புள்ளியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கைதட்டல் நிச்சயம். ஆனால் பியானோவும் பேஸும் போய்க்கொண்டிருந்த பாதை அங்கே அடைபட்டுவிடும். எங்கள் குழுவில் ஒரு பாட்டுக்கு ஒரு கோர்வைக்கு மேல் இல்லை என்று பேசி வைத்திருக்கிறோம். மற்ற நேரத்தில் அவர் சொற்கட்டுகளை உடைத்து, பாதியில் விட்டு, அதை முடிக்கும் பொறுப்பை எங்களுக்குத் தருகிறார்.

தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரின் மூவர் குழுவையும் இந்த இடத்தில் கேளுங்கள். பழைய பாடல்களின் தாளத்தை அவர்கள் அடுக்கடுக்காக மாற்றியமைக்கும் விதம் லயம் படித்தவர்களுக்குத் தனி விருந்து.

பியானோவுக்கு ஒரே அறிவுரை: குறைத்து வாசியுங்கள். எண்பத்தெட்டுக் கட்டையும் கையில் இருப்பதால் இரண்டு பேர் இடத்தையும் நாமே எடுத்துக்கொள்கிறோம்.

ஆறாம் படி: அடையாளங்கள்

மேடையில் கண்சாடை போதாது. இசைக்குள்ளேயே மூன்று அடையாளங்களை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையவை இவை. யாராவது முதல் ஏ ஃப்ளாட்டை நீளமாகப் பிடித்தால் புதிய சுற்று தொடங்குகிறது. பேஸ் ஈ சுரத்தில் நின்றால் நடுப்பகுதியின் கடைசிக்கு வந்துவிட்டோம். டிரம்ஸ் ரைடு சிம்பலில் சீரான நடையைத் தொடங்கினால் எல்லோரும் பாட்டுக்குள் திரும்புகிறோம். மூன்றுக்கு மேல் வேண்டாம். அடையாளங்களைத் தேடிக்கொண்டே இருந்தால் இசை கேட்காது.

ஏழாம் படி: ஒத்திகை இடம்

வீவக அடுக்குமாடி வீட்டில் முழு டிரம்ஸ் முடியாது, முயலவும் வேண்டாம். பாடுவது, எண்ணுவது, மௌனப் பயிற்சி, பிரஷ் வாசிப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம். டிஜிட்டல் பியானோவின் ஒலியைக் குறைத்து, பிரஷ்ஷால் ஒரு தடித்த புத்தக அட்டையில் வாசித்தே பல மாதம் ஓட்டினோம். சத்தம் குறைந்ததால் ஒருவரையொருவர் நன்றாகக் கேட்கப் பழகினோம். இரவு பத்துக்கு முன் நிறுத்திவிடுங்கள். முதல் நாளே பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

முழு வாத்தியங்களோடு வாசிக்க மணிக்கணக்கில் ஸ்டூடியோ எடுக்க வேண்டும். பதிவு செய்யும்போதே உண்மையான பியானோ இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் கீபோர்டுதான் இருக்கும். டபுள் பேஸ் ஏறக்குறைய ஆள் உயரம். அதைக் கொண்டுபோகப் பெரிய வாடகை வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு ஒத்திகையையும் கைபேசியில் பதிவு செய்யுங்கள்.

எட்டாம் படி: மேடை

சிறிய இடத்தில் தொடங்குங்கள். சமூக மன்ற அறையில் நாற்பது நாற்காலி போதும். எஸ்பிளனேட்டின் ரெசிட்டல் ஸ்டூடியோ ஏறக்குறைய 245 இருக்கைகள் கொண்டது. இந்த இசைக்கு அந்த அளவுக்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. பதிப்புரிமை உள்ள பாடலைப் பொதுவில் வாசிக்க உரிமம் வேண்டும். அதைக் கவனிப்பது 1987-இல் தொடங்கிய கம்பாஸ் அமைப்பு. இடத்தை நடத்துபவர் ஏற்கெனவே உரிமம் எடுத்திருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

முதல் சுற்றை நேராக வாசியுங்கள். மெட்டைத் தெளிவாக, கார்டுகளோடு, சீரான நடையில். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வந்திருந்த ஒரு மாலையில்தான் இதன் அருமை தெரிந்தது. ஜாஸ் கேட்டே பழகாத என் பெரியம்மா, "முதல்ல பாடினதைத்தானே அப்புறமும் தேடிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். முதல் சுற்று அவர் காதில் பதிந்திருந்ததால் பின்னால் வந்த இருபது நிமிடமும் அவருக்குப் புரிந்தது.

முடிவை முன்கூட்டியே தீர்மானிக்காதீர்கள். எங்கே நின்றாலும் சரி, நிற்கும்போது மூவரும் பாட்டில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நாங்கள் பல நாட்களில் அந்த ஜி ஷார்ப்பில் வந்து நின்றுவிடுகிறோம். அது ஏ ஃப்ளாட்டாக மாறும் சுற்று கேட்பவர் மனத்துக்குள் தொடரும்.

மறுநாள் பதிவைப் போட்டு, அதோடு சேர்ந்து மெட்டை மெல்ல முணுமுணுங்கள். இசை எவ்வளவு தொலைவு போனாலும் முணுமுணுப்பு அதோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பாட்டு அங்கே இருந்திருக்கிறது. எந்த நிமிடத்தில் முணுமுணுக்க முடியாமல் போகிறதோ அதைக் குறித்துவையுங்கள். அடுத்த சனிக்கிழமை ஒத்திகையை அந்த நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.